ரோஸ்மேரி எண்ணெயில் வைட்டமின் ஈ ஏன் வரவில்லை?

பசுந்துளிர்:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ப்ராஜெக்டுக்காக ரோஸ்மேரி இலையிலிருந்து வைட்டமின் ஈயையும் மற்ற ஆன்டிஆக்சிடன்ட்களையும் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருக்கிறேன். காய்ந்த இலை 200 கிராமைத் தண்ணீரோடு நறுமண எண்ணெய் வடிக்கும் கிளெவெஞ்சர் கருவியில் போட்டு மூன்று மணி நேரம் வடித்தேன். வெளிர்மஞ்சள் எண்ணெய் கிட்டத்தட்ட 2 மி.லி. கிடைத்தது. மணம் அருமை.

அதில் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டிபிபிஎச் சோதனை செய்தேன். ஊதா நிறம் மங்கியது. சரி, வைட்டமின் ஈ இருக்கிறது என்று சந்தோஷமாக, பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவிக்குக் கொடுத்தேன். வைட்டமின் ஈயின் முக்கிய வடிவமான ஆல்ஃபா டோக்கோஃபெரால் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு. மூன்று முறை ஊசி போட்டுப் பார்த்தாயிற்று, அதே கதைதான்.

வடிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டுமா, அல்லது சூட்டில் சிதைந்துவிட்டதா? வழிகாட்டியிடம் போவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். மிச்சமிருந்த சக்கையைக் குப்பையில் போட்டுவிட்டேன், அதனால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வடிகலன்:

உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது தம்பி. குப்பைக்குப் போனதுதான் வைட்டமின் ஈ.

நீராவியோடு ஏறி வருவது ஆவியாகக்கூடிய சின்ன மூலக்கூறுகள் மட்டும். ரோஸ்மேரியில் அவை சினியோல், கற்பூரம், பைனீன் முதலியவை. சினியோலின் கொதிநிலை 176 டிகிரி. தண்ணீரோடு கலக்காத பொருள் என்பதால் இரண்டின் ஆவியழுத்தமும் கூடி, 100 டிகிரிக்குக் கீழேயே வடிந்துவிடும். ஆல்ஃபா டோக்கோஃபெராலின் மூலக்கூறு எடை 430. நீண்ட வால் கொண்ட, கொழுப்பை விட்டு நகராத ஆசாமி. 0.1 மி.மீ. பாதரச அழுத்தம் வரை வெற்றிடமாக்கினாலும் 200 டிகிரி தாண்டினால்தான் கொதிக்கும். மூன்று மணி நேரமல்ல, மூன்று நாள் வடித்தாலும் அது மேலே ஏறாது. சிதைந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை, கிளம்பவே இல்லையே.

இலைக்குள் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பசுங்கணிகத்தின் சவ்வுகளிலும், அவற்றை ஒட்டியிருக்கும் கொழுப்புத் துளிகளிலும். வெளிச்சம் அதிகமாகும்போது உருவாகும் கிளர்ந்த ஆக்சிஜனைத் தணிப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதனால் நான் மாணவர்களுக்குச் சொல்வது: பச்சை எங்கே போகிறதோ அங்கே டோக்கோஃபெராலைத் தேடு. உங்கள் எண்ணெயில் பச்சை இருந்ததா?

பசுந்துளிர்:

இல்லை சார். துளியும் பச்சை இல்லை. இப்போது புரிகிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் அப்படியானால் டிபிபிஎச் ஏன் மங்கியது?

நீலக்குப்பி:

நான் நாள் முழுக்க எச்பிஎல்சி முன்னால் உட்காருகிறவள், இதை நான் சொல்கிறேன். டிபிபிஎச் என்பது தனி எலக்ட்ரான் கொண்ட ஒரு ஊதா நிறப் பொருள். ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ யார் கொடுத்தாலும் நிறம் வெளுக்கும். கொடுத்தவர் பெயரை அது கேட்பதில்லை. எண்ணெயிலுள்ள சில டெர்பீன்கள் கூட, அளவு அதிகமாகப் போட்டால், கொஞ்சம் வெளுக்க வைக்கும். நீங்கள் எவ்வளவு எண்ணெய் போட்டீர்கள்? நிறையப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அடுத்து நீங்கள் பச்சைச் சாறு எடுத்து 517 நானோமீட்டரில் அளப்பீர்கள். சாற்றுக்கே நிறம் உண்டு. டிபிபிஎச் சேர்க்காமல் சாற்றை மட்டும் ஒரு வெற்று அளவு எடுத்துக் கழிக்காவிட்டால் கணக்கு கோணலாகும். இந்தத் தவறோடு வரும் ஆய்வறிக்கைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

மூன்றாம்கிளை:

எனக்கு ஒரு சந்தேகம். நறுமண எண்ணெய்க் குப்பிகளில் "வைட்டமின் ஈ நிறைந்தது" என்று அச்சிட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் பொய்யா?

நீலக்குப்பி:

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கெடாமல் இருப்பதற்காக டோக்கோஃபெராலைப் பின்னால் சேர்ப்பது வழக்கம். அல்லது நறுமண எண்ணெயைச் சூரியகாந்தி போன்ற விதை எண்ணெயில் கலந்து விற்பார்கள், வைட்டமின் ஈ அந்த விதை எண்ணெயிலிருந்து வந்திருக்கும். வடித்த எண்ணெயும் பிழிந்த எண்ணெயும் தமிழில் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால் வரும் குழப்பம் இது. ஒன்று ஆவியாகும், மற்றது காகிதத்தில் கறை வைக்கும்.

வடிகலன்:

கிளெவெஞ்சரில் இலையைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்கவைத்தீர்கள் அல்லவா? குடுவையில் மிஞ்சிய அந்தப் பழுப்புத் தண்ணீர் எங்கே?

பசுந்துளிர்:

தொட்டியில் கொட்டிவிட்டேன் சார்.

வடிகலன்:

அதில்தான் ரோஸ்மரினிக் அமிலம் போயிருக்கும். காஃபீயிக் அமிலமும் அதன் உறவுக்காரரான இன்னொரு அமிலமும் எஸ்டராகச் சேர்ந்த பொருள், வெந்நீரில் நன்றாக இறங்கும். 1958இல் இதை முதலில் பிரித்தெடுத்ததே ரோஸ்மேரியிலிருந்துதான், அந்தச் செடியின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆக நீங்கள் மணத்தை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு, ஆன்டிஆக்சிடன்ட்களைச் சக்கையாகவும் தண்ணீராகவும் இரண்டு தவணையில் வெளியே அனுப்பியிருக்கிறீர்கள். வருத்தப்பட வேண்டாம், நானும் செய்ததுதான்.

சரி, அடுத்த முறை எப்படி என்று பார்ப்போம். இந்த இலையில் உங்களுக்கு வேண்டியவை மூன்று குணத்தில் இருக்கின்றன. டோக்கோஃபெரால் முழுக்கக் கொழுப்பின் பக்கம். ரோஸ்மரினிக் அமிலம் தண்ணீரின் பக்கம். நடுவே கார்னோசிக் அமிலமும் கார்னோசாலும், எண்ணெயில் கரையும், ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் கரையும். ஒரே கரைப்பானில் மூன்றையும் பிடிக்க நினைத்தால் மூன்றும் அரைகுறையாக வரும்.

நான் செய்வது: நிழலில், 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்திய இலை. அரைப்பதைச் சாறு எடுப்பதற்குச் சற்று முன்புதான் செய்வேன். பொடியாக வைத்தால் காற்றுபடும் பரப்பு கூடிவிடும். முதலில் ஹெக்சேனில், இருட்டில், அறை வெப்பத்தில் குலுக்கல். டோக்கோஃபெரால், மெழுகு, கரோட்டினாய்டுகள், பச்சையத்தில் ஒரு பகுதி எல்லாம் அதில் வரும். கார்னோசிக் அமிலமும் கொஞ்சம் கூடவே வரும், அதைத் தடுக்க முடியாது. பிறகு அதே தூளைக் காற்றாட விட்டு, 70 சதவீத எத்தனாலில் ரோஸ்மரினிக் அமிலத்தையும் மிச்சக் கார்னோசிக் அமிலத்தையும் எடுப்பேன். கரைப்பானை வெற்றிடத்தில் ஆவியாக்கும் ரோட்டாவேப்பில் 40 டிகிரிக்குள், பழுப்புக் குடுவையில். முடித்ததும் நைட்ரஜன் ஊதி மூடி, குளிரில்.

கார்னோசிக் அமிலத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆல்கஹால் கரைசலில் விட்டு வார இறுதிக்கு ஊருக்குப் போனீர்களானால், திங்கட்கிழமை அதில் நிறையக் கார்னோசாலாக மாறி உட்கார்ந்திருக்கும். சாறு எடுத்த அன்றே அளக்க வேண்டும்.

ஆந்தைக்கண்:

ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன். சோப்பாக்கம், அதாவது காரம் சேர்த்துக் கொழுப்பை உடைப்பது, செய்ய வேண்டாமா? எங்கள் துறையில் வைட்டமின் ஈ என்றாலே முதல் படி காரம்தான்.

நீலக்குப்பி:

இதில் எனக்கும் வடிகலன் சாருக்கும் கருத்து வேறுபாடு வரலாம். இலையில் டோக்கோஃபெரால் பெரும்பாலும் எஸ்டராக (அமிலத்தோடு பிணைந்து) இல்லை, தனியாகவே இருக்கிறது. ஹெக்சேன் சாற்றை வடிகட்டி நேராக எச்பிஎல்சியின் சிலிக்கா நிரப்பிய குழாயில், அதாவது காலமில் (column) போடலாம், நகரும் திரவமும் ஹெக்சேன்தானே. படி குறைந்தால் இழப்பும் குறையும். சோப்பாக்கம் உதவுவது கொழுப்பு அதிகமான விதைகளுக்கும், அசிடேட் சேர்த்த தயாரிப்புகளுக்கும்.

வடிகலன்:

வேறுபாடு இல்லை அம்மா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலையில் பச்சையமும் மெழுகும் காலமை அடைத்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் ஒரு பங்கை நேராகவும், ஒரு பங்கைச் சோப்பாக்கிய பிறகும் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். இரண்டும் ஒத்துவந்தால் பிறகு நேர்வழியே போதும்.

சோப்பாக்கம் பற்றி ஒரு சொந்தக் கதை. முதன்முதலில் செய்தபோது, எத்தனால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 70 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன். குறிப்பேட்டில் "பைரோகலால் சேர்" என்று எழுதியிருந்தது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் அது, அன்று தீர்ந்துபோயிருந்தது. ஒரு நாள் இல்லாமல் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். பலன் பூஜ்யம். காரத்தில், சூட்டில், காற்றோடு டோக்கோஃபெரால் சில நிமிடங்கள்கூடத் தாங்காது என்பது அப்போது தெரியாது. இரண்டு வாரம் காலமைத் திட்டினேன், பம்பைக் கழற்றி மாட்டினேன், பக்கத்து மேசைக்காரர் என் கரைப்பானை மாற்றி வைத்துவிட்டார் என்றுகூடச் சந்தேகப்பட்டேன். பாவம் அவர். கடைசியில் வைட்டமின் சி ஒரு சிட்டிகை போட்டு, நைட்ரஜன் ஊதிக்கொண்டே செய்தபோது எச்பிஎல்சி வரைபடத்தில் உச்சி பளிச்சென்று வந்தது.

அப்புறம் மறக்கக்கூடாதது: சோப்பாக்கிய பங்கில் ரோஸ்மரினிக் அமிலத்தைத் தேடாதீர்கள். அது எஸ்டர், காரம் அதை உடைத்துவிடும். கார்னோசிக் அமிலம் உப்பாகிக் காரத் தண்ணீரோடு போய்விடும். ஆகவே முதலிலேயே சாற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கிளை:

எல்லாம் சரி, நான் கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன். ரோஸ்மேரியில் வைட்டமின் ஈ எதற்கு? காய்ந்த இலையில் டோக்கோஃபெரால் மில்லிகிராம் கணக்கு. கார்னோசிக் அமிலம் சதவீதக் கணக்கு. சந்தையில் விற்கும் இயற்கை வைட்டமின் ஈயில் பெரும்பங்கு எந்த நறுமணச் செடியிலிருந்தும் வருவதில்லை. சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது வாடை நீக்கும் கட்டத்தில் ஆவியாகிப் பிடிபடும் கழிவிலிருந்து வருகிறது. ரோஸ்மேரிச் சாற்றைத் தொழிலில் வாங்குகிறவர்களும் வைட்டமின் ஈயைப் பார்த்து வாங்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அதை உணவுச் சேர்மமாக அனுமதித்து ஈ 392 என்று எண் கொடுத்தபோது, அளவுகோலாக வைத்தது கார்னோசிக் அமிலமும் கார்னோசாலும்தான். அவை மணப்பொருள்களைப் போல 15 மடங்காவது இருக்க வேண்டும் என்று விதி. அதாவது தம்பி பத்திரப்படுத்திய மணத்தை அங்கே வேண்டாம் என்கிறார்கள்.

எனவே என் ஆலோசனை: தலைப்பை மாற்று, கார்னோசிக் அமிலத்தைப் பிடி.

பசுந்துளிர்:

தலைப்பு துறைக் குழுவில் ஒப்புதல் ஆகிவிட்டது அண்ணா. மாற்ற முடியாது.

வடிகலன்:

மூன்றாம்கிளை சொன்ன தகவல்கள் சரி. முடிவு மட்டும் அவசரம். மகசூலுக்காக என்றால் ரோஸ்மேரியில் டோக்கோஃபெரால் தேடுவது வீண் வேலை, நானும் சொல்வேன். ஆனால் ஆய்வு என்பது மகசூல் மட்டுமா? தண்ணீர் இல்லாமல் வாடும்போது இந்தச் செடி இலையில் ஆல்ஃபா டோக்கோஃபெராலைக் கூட்டுகிறது. அதே நேரத்தில் கார்னோசிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து கார்னோசால் முதலியவையாக மாறுகிறது. ஒன்று தேய, ஒன்று வளர. இரண்டையும் ஒரே இலையில் அளந்தால் அது நல்ல ப்ராஜெக்ட். தலைப்பில் "ஆன்டிஆக்சிடன்ட்கள்" என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, இடம் தாராளம்.

கொஞ்சம் கிளைக்கதை: வைட்டமின் ஈயின் கதை தொடங்கியதும் பச்சை இலையில்தான். 1922இல் எவன்ஸும் பிஷப்பும் எலிகளுக்குச் சுத்திகரித்த தீனி கொடுத்தபோது, கருத்தரித்த எலிகளில் கரு நிலைக்கவில்லை. கீரை இலை சேர்த்ததும் நிலைத்தது. டோக்கோஃபெரால் என்ற பெயருக்கே மகப்பேற்றைத் தாங்குவது என்றுதான் கிரேக்கத்தில் வேர். 1936இல் அதைத் தனியாகப் பிரித்தது என்னவோ கோதுமை முளை எண்ணெயிலிருந்து. இலையில் இருக்கிறது என்று தெரிந்தாலும், நிறைய வேண்டுமென்றால் கொழுப்பைத் தேடித்தான் போனார்கள்.

சோப்புக்காரி:

நடுவே புகுந்ததற்கு மன்னியுங்கள். நான் விஞ்ஞானி இல்லை, வீட்டில் சோப்பும் க்ரீமும் செய்கிறவள். நீங்கள் சொல்வதைப் படித்ததும் ஆசை வந்துவிட்டது. ஹெக்சேன் வாங்கி வீட்டிலேயே இலையிலிருந்து எடுத்து க்ரீமில் சேர்க்கலாமா? இப்போதைக்கு "டோக்கோஃபெரில் அசிடேட்" என்று எழுதிய வைட்டமின் ஈயைப் போடுகிறேன். அப்படியும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது.

வடிகலன்:

ஹெக்சேன் வேண்டவே வேண்டாம் அம்மா. பூஜ்யத்துக்கு 20 டிகிரிக்கும் கீழேயே தீப்பற்றும் ஆவியை விடும் பொருள் அது. ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் அடுத்த அறை அடுப்பைக் கண்டுபிடிக்கும். நாள்பட மூச்சில் போனால் கைகால் நரம்புகளைப் பாதிக்கும். எங்களுக்குப் புகைபோக்கி அலமாரி இருக்கிறது, உங்களுக்கு ஜன்னல்தான். எத்தனாலும் லேசுப்பட்டதில்லை, அடுப்பில் வைத்துச் சுண்டவைக்க நினைக்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது, நன்றாகக் காய்ந்த இலையைச் சூரியகாந்தி மாதிரி ஒரு எண்ணெயில் ஊறவைப்பது. எண்ணெயே கரைப்பான். கார்னோசிக் அமிலமும் டோக்கோஃபெராலும் மெல்ல அதில் இறங்கும், எதையும் ஆவியாக்கிப் பிரிக்க வேண்டியதில்லை. இலை ஈரமாக இருக்கக்கூடாது. எண்ணெய்க்குள் ஈரம் மாட்டினால், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு வசதியாகிவிடும்.

நீலக்குப்பி:

அக்கா, சிக்கு வாடைக்குக் காரணம் உங்கள் குப்பியின் பெயரிலேயே இருக்கிறது. டோக்கோஃபெராலின் வேலை முழுக்க அதன் ஓஎச் தொகுதியில். அங்கிருந்து ஹைட்ரஜனைக் கொடுத்துத்தான் எண்ணெயின் ஆக்சிஜனேற்றச் சங்கிலியை அறுக்கிறது. அசிடேட்டில் அந்த இடத்தை மூடிவிட்டார்கள். அதனால் அது குப்பியில் கெடாமல் நிற்கும், உங்கள் எண்ணெயையும் காப்பாற்றாது. உடலுக்குள் போனால் நொதிகள் மூடியைத் திறக்கும், க்ரீம் டப்பாவுக்குள் யார் திறப்பார்கள்? "டோக்கோஃபெரால்" என்று மட்டும் போட்டதை வாங்குங்கள், அல்லது எண்ணெயில் கரையும் ரோஸ்மேரிச் சாறு.

அளவையும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஆல்ஃபா டோக்கோஃபெரால் ஓர் அளவுக்கு மேல் போனால் எண்ணெயில் தலைகீழாக ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டவும் செய்யும். இன்னொன்று, இவை பூஞ்சைக்கோ பாக்டீரியாவுக்கோ எதிரி இல்லை. தண்ணீர் கலந்த க்ரீமுக்குத் தனியாகக் கெடாமல் காக்கும் பொருள் வேண்டும்.

சோப்புக்காரி:

இத்தனை நாள் மூடி போட்டதை வாங்கிக் கலந்துகொண்டிருந்தேனா! நன்றி தங்கை.

ஆந்தைக்கண்:

எங்கள் நிறுவனத்தில் சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடு கருவி வாங்கியிருக்கிறார்கள். அதில் டோக்கோஃபெரால் வருமா?

வடிகலன்:

வரும். 31 டிகிரி, 74 பார் அழுத்தம் தாண்டினால் கார்பன் டை ஆக்சைடு ஹெக்சேனைப் போல நடக்கத் தொடங்கும். முதலில் 100 பார் பக்கத்தில் ஓட்டி மணத்தை எடுத்துவிட்டு, பிறகு 300 பாருக்கு மேல் கொஞ்சம் எத்தனால் கலந்து மற்றதை எடுப்பார்கள். கருவி இருக்கிறவர்களுக்கு அருமையான வழி. ரோஸ்மரினிக் அமிலம் மட்டும் அதில் சொல்லிக்கொள்ளும்படி வராது, அதற்குத் தண்ணீர்தான்.

பசுந்துளிர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். புதிய இலை, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஹெக்சேன் சாறு கரும்பச்சையாக வந்தது. ஆல்ஃபா டோக்கோஃபெரால் உச்சி, ஒப்பிட ஓட்டிய சுத்தமான டோக்கோஃபெரால் (ஸ்டாண்டர்டு) வந்த அதே நேரத்தில்! ஆய்வகத்தில் கத்திவிட்டேன்.

புதிய இலையில் ஒரு பங்கை வடித்து, மிஞ்சிய சக்கையையும் காயவைத்து அதே மாதிரி செய்தேன். அதிலும் இருக்கிறது, ஆனால் உச்சி நேரடி இலையைவிடச் சின்னது. சோப்பாக்கிய பங்கில் பிரிபுனலில் பால் மாதிரி குழம்பி நின்றது, இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.

ஒரே குழப்பம்: நேராகப் போட்டதில் நான் கணக்கிட்ட அளவு, படித்த கட்டுரைகளில் இருப்பதைவிட ரொம்ப அதிகமாக வருகிறது. என் இலை அவ்வளவு உயர்ந்த இலையா?

நீலக்குப்பி:

வாழ்த்துகள்! குழம்பலுக்கு, வேகமாகக் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், உப்புத் தண்ணீர் கொஞ்சம் விடுங்கள், பிரியும்.

எந்தக் கண்டறிவான்? புளோரசன்ஸ் என்றால் 295 நானோமீட்டரில் கிளர்த்தி 330இல் படிக்கிறீர்களா? காலமில் நிரப்பியது சி18ஆ, வெறும் சிலிக்காவா? சி18 என்றால் பீட்டா, காமா டோக்கோஃபெரால்கள் ஒன்றாக வரும், ஆனால் ஆல்ஃபாவுக்கு அதனால் பிரச்சினை இல்லை.

முக்கியமாக, ஸ்டாண்டர்டு எப்போது வாங்கியது?

பசுந்துளிர்:

சிலிக்கா, புளோரசன்ஸ், நீங்கள் சொன்ன அதே எண்கள்தான். ஸ்டாண்டர்டு ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தது. குளிர்பெட்டியில் ஒரு குப்பி. சீனியர் யாரோ திறந்தது.

நீலக்குப்பி:

அப்படித்தான் நினைத்தேன். எத்தனாலில் கரைத்து 292 நானோமீட்டரில் புற ஊதா அளவு எடுங்கள். ஆல்ஃபா டோக்கோஃபெராலுக்கு 1 சதவீதக் கரைசல் 1 செ.மீ. செல்லில் ஒளி உறிஞ்சல் 75.8 காட்ட வேண்டும். அதாவது மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் கரைசல் 0.076 பக்கம் வரவேண்டும். அவ்வளவு சின்ன எண்ணில் பிழை அதிகம், 50 அல்லது 100 மைக்ரோகிராமில் செய்யுங்கள்.

பசுந்துளிர்:

100 மைக்ரோகிராமில் செய்தேன். 0.758 வரவேண்டும். 0.49தான் வந்தது.

மூன்றாம்கிளை:

ஸ்டாண்டர்டில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயிருக்கிறது. இப்படி குறைந்துபோனதை முழுசு என்று நம்பி அளந்தால் இலையில் இருப்பது பெருத்துத் தெரியத்தானே செய்யும்.

வடிகலன்:

ஓட்டியதெல்லாம் வீண் இல்லை தம்பி. ஸ்டாண்டர்டு ஓட்டிய அதே வாரத்தில் இந்த அளவும் எடுத்திருக்கிறீர்கள், உண்மையான செறிவை வைத்துப் பழைய கணக்கைத் திருத்தலாம். ஆனால் இறுதி அறிக்கைக்குப் புதுக் குப்பி வாங்கி ஒருமுறை ஓட்டிவிடுங்கள், தேர்வாளர் கேட்பார். வாங்கியதும் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து, நைட்ரஜன் ஊதி, மூடி, உறைகுளிரில். ஒவ்வொரு முறைக்கும் ஒன்று.

பசுந்துளிர்:

திருத்திப் பார்த்தேன் சார், கட்டுரைகளின் வரம்புக்குள் வந்துவிட்டது. என் இலை சாதாரண இலைதான். புதுக் குப்பிக்கு இன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை சக்கையும் குடுவைத் தண்ணீரும் ஃப்ரீசரில் இருக்கின்றன. "கொட்டாதே" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.